அந்த ரோட்டார்

அக்டோபர் 3, வியாழன்

இன்று காலை அவர் பேசிவிட்டார். கடையில் விழுந்ததிலிருந்து இதுவரை ஒரு முனகல்கூட இல்லை. கேண்டீனில் காபி வாங்கிக்கொண்டிருந்தேன், நர்ஸ் ஓடி வந்து கூப்பிட்டாள். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். என் பெயரைச் சொல்வார், இல்லாவிட்டால் மகள் பெயரையாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். கோணிக்கொண்ட வாயைச் சிரமப்பட்டுத் திறந்தார்.

"ரோட்டார்."

சாந்தாமணி என்ற என் பெயர் நீளமானதுதான், ஒப்புக்கொள்கிறேன். அம்மா, சாமி, தண்ணி என்று சின்ன வார்த்தைகள் எத்தனையோ இருக்கின்றன. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திய மனிதருக்கு மிஞ்சியது ஒரு மோட்டார் பாகம்.

"ரோட்டார்னா யாருங்க? பையனா?" என்று நர்ஸ் கேட்டாள்.

மோட்டாருக்குள் சுற்றுகிற உருளை என்று சொன்னேன். செம்புக் கம்பி சுற்றிய கூடு அசையாமல் இருக்கும். அதற்கு நடுவில் இது சுற்றும். இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் உண்டு. உரசாமல் சுற்ற வேண்டும், உரசினால் கம்பி போச்சு. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடைக்காரரைக் கட்டிக்கொண்டதால் எனக்கு இவ்வளவு தெரியும். நர்ஸ் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். பெயர் பெனிட்டா. என் மகள் வயதுதான் இருக்கும். மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்ததால் வலது கையும் வலது காலும் பேச்சும் போயிருக்கிறதாம். நாம் சொல்வது அவருக்குப் புரியுமாம். சொல்ல நினைப்பதும் உள்ளே சரியாகத்தான் இருக்குமாம். வெளியே வரும்போது எல்லாமே அந்த ஒரே வார்த்தையாக வருமாம். எழுதிக் காட்டவும் வராதாம்.

"சில பேருக்கு விழறப்போ என்ன சொல்லிக்கிட்டிருந்தாங்களோ அந்த வார்த்தையே வாயில தங்கிடும்மா. அவர் அதை ஒவ்வொரு தடவையும் எப்படிச் சொல்றார்னு கவனிங்க. எப்போ சொல்றார், எந்தக் குரல்ல சொல்றார்னு தினமும் எழுதி வைங்க."

அதனால்தான் மகள் தாரணியின் பழைய காலேஜ் டைரியைத் தேடி எடுத்து இதை எழுதுகிறேன். இல்லையென்றால் எனக்கும் டைரிக்கும் என்ன சம்பந்தம்.

சாயங்காலம் மாரண்ணன் பார்க்க வந்தார். கடையில் அவரோடு வேலை செய்பவர், அவரைவிட நாலைந்து வயது மூத்தவர், தம்பி என்றுதான் கூப்பிடுவார். பெனிட்டா சொன்னதைச் சொன்னதும் கண் கலங்கிவிட்டார்.

"சரிதானுங் அம்மிணி. நான் அன்னைக்கிக் கம்பி வாங்க டவுனுக்குப் போயிருந்தனுங். தம்பி போன் பண்ணுச்சு. 'மாரண்ணா, அந்த ரோட்டார்…' அப்படீன்னுச்சு. அவ்வளவுதானுங். அப்பறம் போன் கீழ உழுந்த சத்தந்தான்."

அப்போதும் கடை வேலைதான். சாகப் போகிற நேரத்திலும் மோட்டார்தான். சாகவில்லை. ஏன் இப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில். கால் கழுவ, மாற்ற, துடைக்க எல்லாம் பழகிவிட்டது. கனமான மனிதர்.

அக்டோபர் 8, செவ்வாய்

பெனிட்டாவுக்காக எழுதுகிறேன். "ரோட்டார்" என்று கடைசியில் இழுத்தால் தண்ணீர். வெடுக்கென்று இரண்டு தடவை சொன்னால் பாத்ரூம், ஓடிப் போக வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தால் சோறு போதும் என்று அர்த்தம். என் ரசத்துக்கு இந்த மூன்றாவது ரோட்டார்தான் அதிகம் கிடைக்கிறது.

தாரணி பெங்களூரிலிருந்து வீடியோ காலில் வந்தாள். அவளைப் பார்த்து ரொம்ப மெல்ல, பூவைத் தொடுகிற மாதிரி, "ரோட்டார்" என்றார். "அப்பா என்னை கண்ணுன்னு கூப்பிடறாரும்மா" என்று அந்தப் பெண் ஓவென்று அழுதாள். எனக்கு அப்படி ஒரு ரோட்டார் இதுவரை வரவில்லை.

இன்னொரு விதமும் இருக்கிறது. அதை எதில் சேர்ப்பதென்று தெரியவில்லை. வாசலில் ஆள் நடமாட்டம் கேட்டால் தலையைத் தூக்கி, என் புடவையை இடது கையால் பிடித்து, அவசரமாக, திரும்பத் திரும்பச் சொல்கிறார். தண்ணீர் கொடுத்தால் தட்டிவிடுகிறார். பயமாக இருக்குமோ என்னவோ.

அக்டோபர் 9, புதன்

தலையணை உறை துவைத்தேன். மழை. காயவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாரண்ணன் விடவில்லை. "வருசத்துக்கு ஒரு நா பூசை போடாம கடையச் சாத்தி வெச்சா நல்லாருக்காதுங் அம்மிணி" என்றார். பக்கத்து வீட்டு அக்காவை அவருக்குக் காவல் வைத்துவிட்டுப் போனேன்.

எத்தனையோ பூஜைக்குப் போயிருக்கிறேன். பொரிகடலை, சுண்டலோடு என் வேலை முடிந்துவிடும். சந்தனம் குங்குமம் வைப்பதெல்லாம் அவர்தான், என்னைக் கிட்டே விடமாட்டார். பொட்டு விஷயத்தில் அவர் ஒரு மாதிரி. வேலை முடிந்து, ஓட்டிப் பார்த்து, மூடி போட்டு, மறுபடி ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் மோட்டாரின் நெற்றியில் கட்டை விரலால் ஒரு குங்குமப் பொட்டு. சீட்டு கிடையாது, பெயர் எழுதுவது கிடையாது. பொட்டு இருந்தால் எடுத்துப் போகலாம், இல்லையென்றால் மந்திரியே வந்து நின்றாலும் கிடையாது. "மாப்பிள்ளைக்குப் பொட்டு வெச்சாச்சா வெள்ளிங்கிரி?" என்று ஆட்கள் அவரைக் கேலி செய்வார்கள்.

மாரண்ணன் ஒட்டடை அடித்து, வாசலில் மாவிலை கட்டப் போனார். உள்ளே நானே எல்லாம் செய்தேன். காயில் சுற்றுகிற மிஷின், பட்டறை, ஸ்பேனர், திருப்புளி, அலமாரிக்கு மேலே, கீழே, மூலையில் சாக்குக்குப் பக்கத்தில் இருந்த மோட்டார் என்று ஒன்று விடாமல் துடைத்து, சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தேன். அவர் இல்லாத குறை எதற்கும் தெரியக் கூடாது என்று ஒரு வீம்பு. முடித்ததும் கடையே கல்யாண வீடு மாதிரி இருந்தது. போனில் படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அவருக்குக் காட்டினேன். முதல் படத்தைப் பார்த்து உதடு துடித்தது. இரண்டாவது படத்தில் "ரோட்டார்! ரோட்டார்! ரோட்டார்!" என்று ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. எழுந்திருக்கப் பார்த்துக் கட்டிலிலிருந்து சரிந்தார், நான் பிடித்துக்கொண்டேன். பூஜைக்குப் போக முடியவில்லையே என்று அந்த மனதுக்கு எவ்வளவு ஏக்கம். நானும் கூடச் சேர்ந்து அழுதேன். அடுத்த வருஷம் நீங்களே வைப்பீங்க மாமா என்று சொன்னேன். தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். நம்பிக்கை போய்விட்டது போல.

அக்டோபர் 14, திங்கள்

கடையைத் திறந்தாயிற்று. முடிந்து கிடந்த வேலைகளை மாரண்ணன் ஒவ்வொன்றாகக் கொடுத்து வருகிறார். எனக்கு அந்தக் கவலை விட்டது.

அக்டோபர் 15, செவ்வாய்

இதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. 

சாயங்காலம் ருக்குமணி வந்தாள். பின் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். ஒண்டியாள், அந்த கிரைண்டர்தான் அவளுக்கு எல்லாம். அதன் மோட்டார் ரிப்பேராகி நம் கடையில் கிடந்தபோது இவர் விழுந்துவிட்டார். ஒரு நாள்கூட வந்து கேட்கவில்லை அவள், அவ்வளவு நல்ல பெண். இன்று தூக்குவாளி நிறைய மாவு கொண்டுவந்தாள்.

"கிரைண்டர் மோட்டார் வந்துருச்சுங் அண்ணா. மாரண்ணன் நேத்தே குடுத்துட்டாருங். கொஞ்சம் உறுமுது, ஆனா நல்லா அரைக்குதுங். மொத மாவு உங்களுக்குத்தான்னு எடுத்தாந்தேன்" என்று அவர் பக்கத்தில் குனிந்து சொன்னாள்.

அவர் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. "ரோட்டார்!" என்று ஒரு கத்தல். இடது கையை வீசித் தூக்குவாளியை அடித்தார். மாவு சுவரெல்லாம், அவள் புடவையெல்லாம். 

நான் பதறி அவர் தோளைப் பிடித்தேன். அவர் என்னைத் தன் பக்கம் இழுத்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். அவர் இடது கைக் கட்டை விரலால் என் நெற்றியில் இருந்த குங்குமத்தை அழுத்தித் துடைத்தார். தெரியாமல் பட்டதில்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு தடவை துடைத்தார், மறுபடி துடைத்தார்.

ருக்குமணி "ஐயோ சாமி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாலி கட்டியவர் உயிரோடு இருந்து, தன் கையாலேயே என் பொட்டை அழித்துவிட்டார். அதுவும் இன்னொருத்தி முன்னால்.  அழுகைகூட வரவில்லை. அவள்தான் சுவரில் இருந்த மாவைத் துடைத்தாள். "பரவால்லீங் அக்கா, அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லாததுக்கு நாம என்ன பண்றது" என்றாள். நான் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தேன்.

அக்டோபர் 16, புதன்

இன்று ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொண்டேன். துடைத்தால் போகாது, பார்க்கலாம் என்று. கஞ்சி ஊட்டும்போது நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார். எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டி, "ரோட்டார், ரோட்டார்" என்று கெஞ்சினார்.

கஞ்சிக் கிண்ணத்தை டக்கென்று வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். மத்தியானம்வரை அந்த அறைப் பக்கம் போகவில்லை. என்ன பாவம் செய்தேன் இந்த மனுஷனுக்கு?

அக்டோபர் 17, வியாழன்

டாக்டரிடம் போனில் சொன்னேன். பொட்டு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. கத்துகிறார், பொருளை அடிக்கிறார் என்று மட்டும் சொன்னேன். இப்படி எரிச்சல் வருவது சகஜம்தானாம். மாத்திரை பெயர் அனுப்பினார். வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

கொடுக்கும்போது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். மூக்கைப் பிடித்து வாய்க்குள் போட்டேன்.

அக்டோபர் 18, வெள்ளி

வீடு அமைதியாக இருக்கிறது. நாள் முழுக்கத் தூக்கம். ஒரு ரோட்டார்கூட இல்லை. துணியெல்லாம் மடித்து முடித்துவிட்டேன். அலமாரியைக்கூட ஒதுங்க வைத்தேன்.

தெருவில் ருக்குமணியைப் பார்த்தேன். நான்தான் முகம் கொடுக்காமல் திரும்பிக்கொண்டேன், வெட்கமாக இருந்தது. அவளே வந்து பேசினாள். "கிரைண்டர் சித்த சுள்ளுங்குதுங் அக்கா. பலகை போட்டு நின்னுக்கறேன், ஒண்ணும் தெரியறதில்லை. அண்ணன் எந்திரிச்சு வந்து பாக்கட்டும், அவசரமில்லீங்." நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இந்த ஊரில் எந்த வீட்டுக் கிரைண்டர்தான் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிப்பதில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை. வலது கை தோளிலிருந்து மரத்துக் கிடந்தது. இப்போதும் எழுத்து கோணலாகத்தான் வருகிறது.

நேற்றுக் காலை தாரணி வீடியோவில் வந்தாள். "அப்பா ஏம்மா இப்படிச் சொக்கிப் போய்க் கெடக்கறாரு? அந்த மாத்திரைய நிறுத்தும்மா" என்று சத்தம் போட்டாள். அதனால் காலை மாத்திரையைக் கொடுக்கவில்லை. மத்தியானம் கொஞ்சம் தெளிந்ததும் அவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். படங்களை இடது விரலால் தள்ளித் தள்ளிப் பூஜைப் படத்துக்கு வந்தார். மூலையில் சாக்குக்குப் பக்கத்தில் இருந்த மோட்டார் படம். அதன் நடுவில் நான் வைத்த பொட்டு.

அந்தப் பொட்டைக் கண்ணாடி மேல் கட்டை விரலால் அழுத்தித் துடைத்தார். மறுபடி துடைத்தார். என் நெற்றியில் எப்படித் துடைத்தாரோ அதே மாதிரி. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ரோட்டார்."

கத்தவில்லை, கெஞ்சவில்லை. களைத்துப்போன ஒரு ரோட்டார்.

 பொட்டு இருந்தால் எடுத்துப் போகலாம். பூஜையன்று எல்லாவற்றுக்கும் வைத்தது யார்? முடிந்ததற்கும் முடியாததற்கும் ஒன்று விடாமல் வீம்பாக வைத்தது யார்?

"அது ருக்குமணியோடதுங்களா மாமா? முடியலைங்களா?"

அவர் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். போதும். செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

அவள் வீட்டுப் பின்கட்டில் கிரைண்டர் உறுமுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. தரையெல்லாம் அரிசி கழுவிய தண்ணீர். ருக்குமணி பலகை மேல் நின்று ஒரு கையால் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து "வாங் அக்கா" என்று சிரித்தபடி பலகையிலிருந்து ஒரு காலைக் கீழே வைக்கப் போனாள்.

ஸ்விட்ச் எங்கே என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

அதற்கப்புறம் எனக்கு நினைவிருப்பது வாயில் ஒரு இரும்புச் சுவை. என் கையை நான் விட முடியவில்லை. கத்த நினைத்தேன், தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரிகிறது, வாய் திறக்க மாட்டேன் என்கிறது. அவருக்கு இப்படித்தான் இருக்கிறதா என்று அந்த நேரத்திலும் தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது. அப்புறம் கால் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். விழுந்ததில் பிடி விட்டது. ருக்குமணி அலறிக்கொண்டே ஓடிப் போய் ஸ்விட்சைத் தட்டினாள்.

இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டோம். பலகையும் வழுக்கலும் இல்லாவிட்டால் இரண்டு பேரும்தான் போயிருப்போம்.

மாரண்ணன் வந்து மோட்டாரைப் பிரித்தார். ரோட்டாரின் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. ஓடுகிற ஒவ்வொரு தடவையும் கூட்டோடு உரசி, கம்பி மேல் இருந்த பூச்சைச் சுரண்டி எடுத்திருக்கிறது. கம்பி வெறுமனே இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ப்ளக்கில் எர்த் முள் எப்போதோ ஒடிந்து போய்விட்டது.

"பொட்டு இருந்துச்சேங் அம்மிணி" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "தம்பி வெச்ச பொட்டுன்னு நெனச்சுப்புட்டனுங். ஒரு தடவ ஓட்டிக்கூடப் பாத்தேன், ஓடுச்சு. பொட்டு இருந்துச்சேங்…"

பாவம், தலையில் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பொட்டு என்னுடையது என்று நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 21, திங்கள்

பெனிட்டா வந்து இந்த டைரியைக் கேட்டாள். அப்புறம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தண்ணீருக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று என்று பெரிய படிப்பாளி மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். எதில் சேர்ப்பதென்று தெரியவில்லை என்று எட்டாம் தேதி எழுதினேனே, அந்த அவசர ரோட்டார், அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மாரண்ணன் போனில் கேட்டது அரை வாக்கியம். மாரண்ணா, அந்த ரோட்டார் உரசுது, ருக்குமணி கிரைண்டரைக் குடுத்துறாதீங்க. இவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைப் பார்த்து முதலில் சொன்னதும் அதன் மிச்சத்தைத்தான். என் பெயரைச் சொல்லவில்லை என்று நான் கோபித்துக்கொண்டேன். படத்தைக் காட்டினேன், கத்தினார், ஏக்கம் என்றேன். மாவைத் தட்டிவிட்டார், மானம் போச்சு என்றேன். வேறு வழியே இல்லாமல் என் பொட்டைத் துடைத்துக் காட்டினார். நான் மூக்கைப் பிடித்து மாத்திரை போட்டேன்.

அந்த அட்டையில் மிச்சம் இருந்ததை இன்று கிணற்றில் வீசினேன்.

அக்டோபர் 24, வியாழன்

ருக்குமணியின் மோட்டாருக்கு மாரண்ணன் புதுக் கம்பி கட்டி, ரோட்டாரைத் தாங்குகிற தேய்ந்த புஷ்ஷை மாற்றி, ப்ளக்கும் புதிதாகப் போட்டுவிட்டார். கடையில் வைத்தே கொடுத்திருக்கலாம். கொடுக்க மாட்டேன் என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ருக்குமணியும் கூடவே வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதன்மேல் மோட்டாரை வைத்தோம்.

ஓட்டினார்கள். அவர் திருப்புளியின் நுனியை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். மூடியை இறுக்கச் சைகை செய்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். மாரண்ணன் டெஸ்டரை வைத்து எல்லாப் பக்கமும் தொட்டுக் காட்டினார். அதன் விளக்கு எரியவில்லை, கரண்ட் கசியவில்லை.

நான் குங்குமச் சிமிழைத் திறந்து நீட்டினேன். இடது கைக் கட்டை விரலால் எடுத்து மோட்டாருக்குப் பொட்டு வைத்தார். கொஞ்சம் கோணல். ருக்குமணி அந்த மோட்டாரைத் தொட்டுக் கும்பிட்டாள்.

விரலில் குங்குமம் மிச்சம் இருந்தது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஒரு நொடி எனக்கு உடம்பு பின்னால் போனது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் குனிந்தேன். என் நெற்றியில் வெகுநேரம் விரலை வைத்திருந்தார்.

"ரோட்டார்" என்றார்.

இதுவரை வராத குரல். ருக்குமணி "என்னுங் அக்கா சொல்றாரு?" என்று கேட்டாள். தண்ணீர் கேட்கிறார் என்று சொல்லிவிட்டு, எடுத்துவர உள்ளே போனேன்.